காய்ச்சல் விட்ட நாள்

பின்கதவடியில் தரை நனைந்திருந்தது. நாட்டில் சண்டை முடிந்து இரண்டு மாதம், கடைசியாக மழை பெய்தும் ஏறக்குறைய அவ்வளவு நாள். துடைத்த துணியை நஜ்லா முகர்ந்து பார்த்தாள். கறுத்த சேற்றின் வாடை, சுனாமி வடிந்த அன்று மருதமுனை முழுக்க வீசிய அதே வாடை. சுனாமிக்குப் பிறகு வீட்டுத்திட்டத்தில் கிடைத்த இந்த வீட்டிலிருந்து கடல் கண்ணுக்கே தெரியாது.

தவறு அவளுடையதுதான். முந்தின நாள் அந்தி மஃரிப் தொழுகைக்குச் சற்று முன், பின்கதவில் ஒரு பெண்குரல் ஸலாம் சொன்னது. அடுப்பில் மீன் ஆணம் கொதித்துக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்க்காமலே பதில் ஸலாம் சொல்லி, உள்ளே வரவும் சொல்லிவிட்டாள். ஸலாம் சொன்னவளின் முகத்தைப் பார்த்துத்தானா பதில் சொல்வார்கள்? பிறகு எட்டிப் பார்த்தால் ஒருவரும் இல்லை.

அவளுடைய கணவன் றிபாத் நடு அறையில் காய்ச்சலில் கிடந்தான். ஈரலில் வைரஸ் புகுந்து ஐந்து வருடம். அவன் பிழைக்க வேண்டும், அவளுக்கு வேறொன்றும் வேண்டாம். உடம்பின் காவல் அணுக்களுக்கு ஒரு பிறேக் இருக்கிறது என்று கல்முனை டொக்டர் விளக்கியிருந்தார். சண்டை மிஞ்சிச் சொந்த உடம்பையே அழித்துவிடாமலிருக்கத்தான் அது. ஆனால் வைரஸ் நெடுநாள் தங்கிவிட்டால் பிறேக் அழுத்தியபடியே நின்றுவிடும். எதிரி கண்முன்னே இருந்தாலும் காவல் அணுக்கள் களைத்துச் சும்மா நிற்கும். அந்தப் பிறேக்கை விட்டதும் எலிகளில் அவை மறுபடி எழுந்தனவாம். மனிதருக்கு அந்த மருந்து இன்னும் வரவில்லை. சட்டென்று விட்டால் வைரஸோடு சேர்த்து ஈரலையும் தின்றுவிடும் என்ற பயமும் இருந்தது.

"காய்ச்சல் விட்டா உடனே சந்தோசப்படாதீங்க, தங்கச்சி," என்றிருந்தார் டொக்டர். "உடம்பு சண்டைய விட்டுட்டுதோ தெரியா. கூட்டிட்டு வாங்க."

இரண்டாம் நாள் ஸலாம் குசினிக்குள்ளேயே, அடுப்புக்குப் பக்கத்தில் கேட்டது. நஜ்லாவுக்கு மேலெல்லாம் புல்லரித்தது, நெஞ்சு அடித்த அடியில் அகப்பை கைதவறி விழுந்தது, ஆயத்துல் குர்ஸியை ஓதிக்கொண்டே முற்றத்துக்கு ஓடினாள். மூன்றாம் நாளும் ஓடினாள். நான்காம் நாள் வாசலோடு நின்றுகொண்டாள். ஐந்தாம் நாள் ஈரச்சேலை தரையில் இழுபடும் சத்தம் முதுகுக்குப் பின்னால் நடு அறைக்குள் போனது. அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. பயந்து பயந்து அலுத்துப்போயிருந்தது.

ஆறாம் நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு றிபாத்தின் நெற்றியைத் தொட்டாள். குளிர்ந்திருந்தது.

"ஆரு புள்ள இவ?" என்றான். "நேத்தும் கால்மாட்டில இருந்தா."

"பயமில்லையா உங்களுக்கு?"

"முதல் பயந்தன். இப்ப ஒண்டுமில்ல."

கத்த வேண்டும். அவளுக்குத் தெரியும். பக்கத்து வீட்டு ஆமினா உம்மாவுக்குக் கேட்கும். இவனை இழுத்துக்கொண்டு ஓட வேண்டும். அதுவும் தெரியும். வாய் திறக்கவில்லை. கால் எழவில்லை. நெஞ்சு நிதானமாக அடித்தது.

பாயில் ஸலாம் சொன்னவள் இருந்தாள். கூந்தலில் சேறு வழிந்தது. முகத்தில் ஈர முந்தானை. ஒரு கை றிபாத்தின் வலது விலாவுக்குக் கீழே, ஈரல் இருக்கும் இடத்தில், மணிக்கட்டுவரை உள்ளே. இரத்தமில்லை. அவன் முகத்தில் வலியில்லை.

நஜ்லா குசினிக்குப் போனாள். தேத்தண்ணி ஊற்றினாள். சீனி போட்டாள். கலக்கினாள்.

திரும்பி வந்தபோது அந்தக் கை முழங்கைவரை போயிருந்தது. வந்தவளின் மற்றக் கைக்கு எட்டும் தூரத்தில் கோப்பையை வைத்தாள்.