ஆவும் என்றான் சுந்தர்சிங்

ஐப்பசி மழைக்குச் சித்தூர் மேல் அன்றைக்கு என்ன கோபமோ… மத்தியானம் பிடித்தது, விடவே இல்லை. அந்த மழையில்தான் எலிசாவின் சிவப்புக் கார் நிற்கவேண்டிய இடத்தில் நிற்காமல் போயிற்று.

பிரேக்கை மிதித்தாள். மிதி, பஞ்சு மெத்தை மாதிரி உள்ளே உள்ளே போனது. அப்புறம் சட்டென்று முன்சக்கரம் இரண்டும் இறுகிக்கொள்ள, கார் வழுக்கிக்கொண்டே போய் ஒரு பள்ளத்தில் இறங்கி, டீக்கடை ஓரம் குடையோடு நின்றிருந்த ஒருவனைத் தலை முதல் கால் வரை சேற்றுத் தண்ணீரில் குளிப்பாட்டிவிட்டு நின்றது.

பாவம், குடை மட்டும்தான் சுத்தமாக இருந்தது.

"ஐயோ… சாரிங்க, சாரி!" என்று கண்ணாடியை இறக்கினாள்.

அவன் அவளைப் பார்க்கவே இல்லை. சொட்டச் சொட்டக் குனிந்து முன்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இம்மாம் பெரிய டிஸ்க்கு… நிக்கறதுக்குப் போட்டீங்களா, போட்டோ புடிக்கறதுக்குப் போட்டீங்களா?"

எலிசாவுக்குச் சுரீர் என்றது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஆராதனை முடிந்து வந்து, கையில் கிரீஸோடு அவளே முடுக்கிய டிஸ்க் அது!

"உங்கள இடிக்கல இல்ல? அப்ப பிரேக் புடிச்சுதுன்னு அர்த்தம்."

"என்னை இடிக்கல… அது கர்த்தர் கிருபை. பிரேக்கு இல்ல."

சொல்லிவிட்டு அப்போதுதான் நிமிர்ந்தான். இமை நுனியில் ஒரு துளி… விழலாமா வேண்டாமா என்று யோசிக்கிற மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. கோபமே இல்லாத கண்கள். கண்ணுக்குள்ளே ஒரு சிரிப்பு, பாய்க்கு அடியில் ஒளிந்த பூனைக்குட்டி மாதிரி. எலிசா வைப்பரை நிறுத்த மறந்தாள். அவன் குடையை மடக்க மறந்தான்.

'சே, என்ன பார்வை இது' என்று தன்னையே அதட்டிக்கொண்டு கேட்டாள். "இங்க சிங்குன்னு ஒருத்தர் பிரேக் வேலை செய்றாராமே… சர்தார்ஜி. அவரு ஷெட் எங்க?"

அவன் முகம் மலர்ந்தது. "ஓ! காலைல போன் பண்ணி இந்தில 'பாஜி, பாஜி'ன்னு கூப்ட்டது நீங்கதானா?"

"நீங்களா…! அப்ப டர்பன்?"

"சாது சுந்தர்சிங் பேர வெச்சுக்கினு எங்க பக்கம் சர்ச்சுக்கு நாலு சுந்தர்சிங் இருப்பான் மேடம். நான் நாலாவது சிங்கு. இந்தி நல்லாத்தான் பேசினீங்க… அதான் நானும் பேசினேன்."

அவள் முகம் காரின் நிறத்துக்கு வந்துவிட்டது.

எலிசா திருப்பதிப் பெண். ஸ்ரீ சிட்டியில் ஒரு தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் வேலை. வீட்டுக்கு ஒரே மகள். நைனா ஆர்.டி.சி. பஸ்ஸை ஆயுசெல்லாம் ஓட்டி ஓய்ந்தவர். அவளுக்கு ஸ்டீரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். சிவப்புக் கார், பெங்களூரில் யாரோ ஓட்டி அலுத்துப்போட்ட பழைய இரண்டு கதவு வண்டி. அதை எடுத்துக்கொண்டு போன தடவை இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்கில் ஓட்டப் போனாளா… நேர்ப்பாதையின் முடிவில் பிரேக் பிடிக்கவில்லை. வண்டி ஓரத்து ஜல்லிக்குள் பாய்ந்து புழுதியில் மறைந்தது. யாரோ எடுத்த வீடியோ நைனாவின் போனுக்கும் வந்து சேர்ந்தது.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலையே! "வர சனிக்கிழமை ட்ராக்குக்கு நானும் கூட வரேன். அன்னிக்கும் பிரேக் புடிக்கலன்னா, வண்டிய வித்துடலாம்மா" என்றார். அவ்வளவுதான். அவர் ஒன்று சொன்னால் மாற்றுகிற ரகம் இல்லை.

சனிக்கிழமைக்கு இன்னும் ஒரு வாரம்கூட இல்லை.

ஷெட்டில் காரைத் தூக்கி நிறுத்தினான் சுந்தர்சிங். கோயம்புத்தூரில் ரேஸ் வண்டிகளோடு இருந்துவிட்டு ஊர் திரும்பியவன். பார்க்கவேண்டியதைப் பார்த்துவிட்டுத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டான்.

"முன்னாடி டிஸ்க்க கவ்வுற காலிப்பர மாத்தினீங்க. அதுக்கு ஆயில் தள்ற மாஸ்டர் சிலிண்டர் பழசுதான். சின்ன சொம்புல மொண்டு பெரிய அண்டாவ ரொப்பற கதை… அதான் மெதி உள்ள போவுது. பின்சக்கரம் ரெண்டும் வேலையே செய்யாம தூங்கிக்கினு வருது. ஆயிலும் பழசு, ஒரு ரவுண்டு போனா கொதிச்சிடும். ஆயில மாத்தினா கொதிக்கறது நின்னுடும்."

"ஆயில் மட்டும் இல்ல" என்றாள் எலிசா. டிஸ்க்கின் விளிம்பைக் காட்டினாள். அங்கே சூட்டுக்கு நிறம் மாறுகிற பெயின்ட்டை அவள் கோடாகத் தீட்டிவைத்திருந்தாள். "எல்லா கோடும் வெளுத்துப் போச்சு பாருங்க. டிஸ்க்குக்கு காத்தே போகல. எந்த ஆயில் ஊத்தினாலும் கொதிக்கத்தான் செய்யும். பம்பர்லேருந்து குழாய் வெச்சு காத்து கொண்டுவரணும்."

அவன் குனிந்து பார்த்தான். இன்னும் குனிந்து பார்த்தான். தலையைச் சொறிந்தான்.

"இது நான் யோசிக்கல மேடம்."

அந்த ஒரு வார்த்தையில் எலிசாவின் பாதிக் கோபம் இறங்கிவிட்டது. மீதிப் பாதியை வீம்புக்கு வைத்துக்கொண்டாள்.

"சனிக்கிழமைக்குள்ள ஆகுமா?"

"ஆவும்."

அது அவனுக்கு வாய்ச்சொல். போல்ட் கழன்றால் ஆவும். டீ நன்றாக இருந்தால் ஆவும்.

அந்த வாரம் எப்படி ஓடியது என்று எலிசாவுக்கே தெரியாது. லீவு போட்டுவிட்டுத் தினமும் சித்தூருக்குப் பறப்பாள். பெரிய மாஸ்டர் சிலிண்டர் வந்தது. பின்சக்கரத்துக்குக் கெட்டியாகப் பிடிக்கிற பிரேக் பேட் வந்தது. முன்சக்கரத்துக்குப் புது டிஸ்க்கும் பேடும் வந்தன. காற்றுக்குழாயை அவளே வெட்டி வளைத்துப் பொருத்தினாள். கடைசியில் பிரேக் ஆயிலில் இருக்கிற காற்றைக் கழிக்கவேண்டும். அது ஒற்றை ஆள் வேலை இல்லை பாருங்கள்… ஒருத்தர் உள்ளே மிதிக்க, ஒருத்தர் கீழே திருகைத் திறந்து மூட, குரலும் குரலும் ஒத்துப்போகவேண்டும்.

"அமுக்குங்க."

"அமுக்கிட்டேன்."

"புடிச்சிக்கினே இருங்க… வுட்றாதீங்க…"

"விடல."

"இப்ப வுடுங்க."

சக்கரத்துக்கு ஒரு தடவை, இப்படியே நாலு சக்கரம். முகம் தெரியாது, குரல் மட்டும்தான். 'அமுக்குங்க' என்பதை இத்தனை மெதுவாக ஒருத்தர் சொல்லமுடியுமா என்று யோசித்தாள். மிதி கல் மாதிரி இறுகிவிட்டது. காற்று சுத்தமாகப் போய்விட்டது. ஆனாலும், "இன்னொரு தடவ பாத்துடலாமா?" என்றான் அவன் கீழேயிருந்து.

"பாத்துடலாம்" என்றாள் அவள். உடனே உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் பூதலப்பட்டுப் பக்கம் காலியான ரோட்டுக்குப் போனார்கள். புது பேட், புது டிஸ்க் இரண்டையும் ஒன்றுக்கொன்று பழக்கவேண்டும். வேகம் எடுப்பது, பிரேக் போட்டு வேகத்தைக் குறைப்பது, மறுபடி எடுப்பது, மறுபடி குறைப்பது. பேட் சூடேறி டிஸ்க் மேல் மெல்லிசாகப் பூசிக்கொள்ளும்.

"ஒண்ணே ஒண்ணுதான்" என்றான் பக்கத்து சீட்டில் இருந்து. "நடுவுல முழுசா நிறுத்தவே கூடாது. சூட்டோட நிறுத்தினா பேட் ஒரே எடத்துல அப்பிக்கும். அப்புறம் பிரேக் போட்டா வண்டி உதறும்."

"தெரியும் சிங் சார்."

எடுத்தாள். குறைத்தாள். ஆகா… மிதித்த இடத்தில் மிதித்த அளவுக்குப் பிடித்தது பாருங்கள்! எலிசாவின் நெஞ்சு வண்டியை முந்திக்கொண்டு ஓடியது. ஜன்னலில் ஈரக் காற்று, இஞ்சினின் கூச்சல்… மறுபடி எடுத்தாள், மறுபடி குறைத்தாள். டிஸ்க் தகதகவென்று சூடேறியிருந்த நேரம். சந்தோஷம் தாங்காமல் சுந்தர்சிங் டாஷ்போர்டில் தட்டிக் கத்தினான்.

"ஆவும்! ஆவும்!"

எலிசாவின் கால் தடாலென்று பிரேக் மேல் விழுந்தது. கார் கிறீச்சிட்டு நட்டநடு ரோட்டில் முழுசாக நின்றது. நின்ற பிறகும் அழுத்திய காலை அவள் எடுக்கவில்லை.

"ஏன் நிறுத்தினீங்க?"

"நீங்கதானே ஆவுன்னீங்க! எங்க அது?"

"எது?"

"மாடு!"

உங்களுக்குப் புரிந்திருக்கும். தெலுங்கில் ஆவு என்றால் பசுமாடு. ரேணிகுண்டா ரோட்டில் அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது, மாடு குறுக்கே வரும்போதெல்லாம் நைனா "ஆவு! ஆவு!" என்றுதான் கத்துவார். மூளைக்குப் போகாமல் நேரே காலுக்குப் போகிற வார்த்தை அது.

சுந்தர்சிங் ஒரு கணம் விழித்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான்… வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான்.

எலிசா வண்டியை நகர்த்தி, பிரேக்கைத் தொட்டுப் பார்த்தாள். ஸ்டீரிங் கிடுகிடுவென்று உதறியது. போச்சு… எல்லாம் போச்சு.

"நாளைக்கு ட்ராக்குக்கு எங்க நைனா வராரு. என் வண்டி போகப்போவுது. உங்களுக்குச் சிரிப்பா இருக்குது?"

அவன் சிரிப்பு அறுந்தது. அப்போதாவது ஒரு ஆறுதல் சொல்லியிருக்கலாம். ஆனால் ஆம்பிளை ரோஷம் எங்கே விடும்? "நிறுத்தாதீங்கன்னு படிச்சுப் படிச்சு சொன்னேன். சொன்னத காதுல வாங்காதவங்களுக்கு ட்ராக் எதுக்கு?" என்று முணுமுணுத்துவிட்டு, டிஸ்க்கைப் பார்க்க இறங்கினான்.

அவன் இறங்கியதும் எலிசா கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு கிளம்பிவிட்டாள். கண்ணாடியில் அவன் சின்னதாகி, சின்னதாகி… பூதலப்பட்டு ரோட்டில் ஒரு புள்ளியாகிப் போனான். அவள் கண்ணிலிருந்தும் ஒரு துளி யோசிக்காமல் விழுந்தது.

அன்று முழுக்க அவள் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் கூப்பிடவில்லை. 'நானா கூப்பிடுவேன்? அவரு சொன்னதுக்கு அவருதான் கூப்பிடணும்' என்று போனைக் கவிழ்த்து வைத்தாள். கவிழ்த்த போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

சனிக்கிழமை. நைனா பக்கத்து சீட்டில். திருப்பதி தாண்டி முதல் டோல்கேட்டில் பிரேக் போட்டதுமே கேட்டார். "ஸ்டீரிங் ஏன்மா உதறுது?"

"ரோடு நைனா."

"ரோடா?" என்றார் அவர். அப்புறம் இருங்காட்டுக்கோட்டை வரைக்கும் ஸ்டீரிங்கையே பார்த்துக்கொண்டு வந்தார். ஆயுசெல்லாம் ரோட்டைப் பார்த்த மனுஷரிடம் ரோட்டின் மேலேயே பழி போட்டால்!

ட்ராக் வாசலில் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து ஒருவன் நின்றிருந்தான். ஷூ வரை நனைந்திருந்தான். சித்தூரிலிருந்து மழையோடு மழையாக வந்தவன் வேறு எப்படி இருப்பான்? கையில் பிளாஸ்டிக் கவர். தன்னை நனையவிட்டு அதை நனையாமல் கொண்டுவந்திருந்தான்.

"இன்னாது அது?" என்றாள் எலிசா, கண்ணாடியை இறக்கி.

"உப்புத்தாள். அப்பிக்கினத தேய்ச்சி எடுத்துட்டா, ட்ராக்லயே மறுபடி பழக்கிக்கலாம். ராத்திரி யோசிச்சேன்…" நிறுத்தினான். "நான் அப்படி பேசியிருக்கக் கூடாது மேடம். காதுல வாங்காதது நீங்க இல்ல. நான்தான்… நீங்க எவ்ளோ பயந்துக்கினு இருக்கீங்கன்னு."

எலிசா இறங்கிக் கவரைப் பிரித்தாள். ஒரு தாளை உருவிக்கொண்டு சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் அவன். சக்கரத்தைக் கழற்றிவிட்டு டிஸ்க்கை வட்டமாகத் தேய்த்தார்கள். இவள் தாளும் அவன் தாளும் ஒரு இடத்தில் வந்து இடித்துக்கொண்டன. இரண்டுபேரும் கையை எடுத்துக்கொள்ளவில்லை… அந்த இடம் மட்டும் கொஞ்சம் அதிகமாகவே பளபளத்தது.

"ரோட்டுல வுட்டுட்டு வந்துட்டேன்…" என்றாள் மெல்ல.

"பரவால்ல. நடந்து வரும்போது நெஜமாவே ஒரு மாடு பாத்தேன்."

அவள் சிரிப்பை அடக்கப் பார்த்தாள். அடங்கவில்லை.

மழை ஓய்ந்து ட்ராக் உலர்ந்ததும் அவள் முறை வந்தது. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, இன்னொன்றை அவன் கையில் திணித்தாள். "ஏறுங்க. ஆனா ஒரு கண்டிஷன். வாயத் தொறக்கக் கூடாது!"

அவன் ஹெல்மெட்டுக்குள் தலையை மட்டும் ஆட்டினான்.

முதல் சுற்றுகள் நிதானமாக, எடுப்பதும் குறைப்பதுமாக. நிறுத்தவே இல்லை. மெல்ல மெல்ல உதறல் குறைந்தது… குறைந்தது… போயே போய்விட்டது! அப்புறம்தான் ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்தினாள். நேர்ப்பாதை அம்பாக நீண்டது. வேலி ஓரம் நைனா நிற்பது ஒரு வெள்ளைச் சட்டையாகத் தெரிந்து மறைந்தது. போன தடவை அவளை விழுங்கிய வளைவு, அதே ஜல்லி, வாயைத் திறந்துகொண்டு எதிரே வந்தது. 'இன்னும் வா… இன்னும் வா… இப்போ!'

மிதித்தாள்.

யாரோ பெரிய கையால் தாங்கிக்கொண்ட மாதிரி கார் முகம் தாழ்ந்து அடங்கியது. வளைவு அவள் காலடிக்கு வந்து பணிந்துபோயிற்று. எலிசா ஹெல்மெட்டுக்குள் கத்தினாள், என்ன கத்தினாள் என்று அவளுக்கே தெரியாது. அடுத்த சுற்றிலும் பிடித்தது. அதற்கு அடுத்ததிலும்.

பக்கத்தில் ஒருவன் வாக்குத் தவறாமல், இரண்டு கையாலும் ஹெல்மெட்டின் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

வண்டிகள் ஒதுங்குகிற பிட்டுக்கு வந்து நின்றதும் நைனா நேரே முன்சக்கரத்துக்குப் போய்க் குனிந்தார். சூட்டைக் கையைக் காட்டிப் பார்த்து, "வண்டி இருக்கட்டும்மா" என்றார். அவர் முதுகு மட்டும்தான் தெரிந்தது.

எலிசா ஹெல்மெட்டைக் கழற்றினாள். வேர்வையில் முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. "இன்னும் மௌன விரதமா? பேசலாம்."

"ஒரு வார்த்த கேக்கலாமா?"

"ம்."

"உங்களுக்கும் எனக்கும்… எலிசா…" கோயம்புத்தூர் ரேஸ் வண்டிகளுக்குப் பயப்படாதவனின் குரல் தந்தியடித்தது. "ஆவுமா?"

மறுபடி தூறல் ஆரம்பித்தது. அவள் இடது பக்கம் பார்த்தாள். வலது பக்கம் பார்த்தாள்.

"ட்ராக்ல மாடு ஒண்ணும் தெரியலியே…"

"எலிசா!"

அவன் இமை நுனியில் மறுபடி ஒரு துளி தொங்கிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை அவள் விரல் நீட்டி அதைத் தொட்டு எடுத்தாள்.

"ஆவும்" என்றாள். போதவில்லை போலிருந்தது. தூறலையும் தாண்டிக் கேட்கட்டும் என்று, உரக்கச் சொன்னாள். "ஆவும்! ஆவும்!"

முன்சக்கரத்துப் பக்கமிருந்து நைனா துள்ளி எழுந்தார். ட்ராக்கை இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை பார்த்தார்.

"எங்கம்மா ஆவு? எந்தப் பக்கம்?"

சுந்தர்சிங் சிரிக்கலாமா என்று பயந்துபோய் எலிசாவைப் பார்த்தான். அவளோ சிரிக்க ஆரம்பித்திருந்தாள்… வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, அவன் தோளைப் பிடித்துக்கொண்டு…

நிறுத்தவே இல்லை.