மூன்று பத்தும் ஓர் அண்டாவும்

இதில் ஒரு சொல் பொய் என்றாலும் என் மீதிப் பற்கள் இன்றே விழட்டும். மீதி இரண்டுதான். ஆனாலும் அவை எனக்கு வேண்டியவை.

பினாங்கில் டிராம் ஓடிய காலம். எனக்குப் பத்து வயது, அக்கா நூர்ஜானுக்குப் பன்னிரண்டு. எங்கள் அத்தா டத்தோ கிராமாட்டில் ஒரு பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சுபவர். அவருடைய பெரிய செம்பு அண்டாவையும், கஞ்சி கிண்டும் மரத் துடுப்பையும் நோர்மா மக்சிக் இரவல் வாங்கிப் போயிருந்தார். மக்சிக் என்றால் மலாயில் அத்தை. தண்ணீர்மலை அடிவாரத்தில் அவர் வீடு.

அன்று ரமலானின் முதல் நோன்பு.

“சாயங்கால அசர் தொழுகைக்குள்ள அண்டா வரலைன்னா, இருநூறு பேரு வெறும் தண்ணியிலதான் நோன்பு திறக்கணும்” என்று அத்தா எங்களை மாட்டுவண்டியில் அனுப்பினார்.

போய்ச் சேர்ந்ததும் மாடு படுத்துவிட்டது. பக்கத்தில் வண்டிக்காரரும் படுத்துவிட்டார். மாடும் நோன்பு என்றார்.

எங்களுக்கும் பசி, களைப்பு. அண்டாவோ எங்களைவிடக் கனம். வீட்டுக்குப் பின்னால் ஓடை இரைந்து ஓடியது.

“மக்சிக், ஓடை வழியாப் போனா?”

“தீகா பத்து லாஹ்” என்றார் அவர்.

தீகா என்றால் மூன்று. பத்து என்றால் கல். லாஹ் வெறும் பேச்சு இழுவை.

“மூணே மூணு கல்லுதான்!” என்றேன். அண்டாவில் ஏறினோம். கஞ்சி கிண்டும் துடுப்பால் படகு ஓட்டலாமா என்று கேட்காதீர்கள். அதற்கும் துடுப்பு என்றுதானே பெயர்?

“வாயத் திறக்காதே, மீரான். தண்ணி உள்ள போனா நோன்பு போச்சு” என்றாள் அக்கா.

“அப்புறம் நீ எப்படி வழி சொல்லுவே?”

“உதைப்பேன்.”

வலது விலாவில் உதைத்தால் வலது. இடது விலாவில் உதைத்தால் இடது.

முதல் கல் எருமை அளவு. டங்! இரண்டாவது, இரண்டு எருமை அளவு. டங்! மூன்றாவதை மூன்று சுற்றுச் சுற்றிக் கடந்தோம். முடிந்தது என்று துடுப்பை மடியில் வைத்தேன்.

வளைவு திரும்பினால் நாலாவது கல். அதன் பின்னால் இன்னும் நாற்பது.

அப்போதுதான் அக்கா தலையில் கைவைத்தாள். மலாயில் மைலுக்கும் பத்து என்றுதான் பெயர்!

பிறகென்ன? உதை, துடுப்பு, டங். உதை, துடுப்பு, டங். கை மரத்துப்போனது. சுற்றிலும் தண்ணீர், நாக்கு மட்டும் காய்ந்து கிடந்தது. ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் நடுவில் நான் கொஞ்சம் தூங்கினேன்.

நூற்றுப் பதினேழாவது கல்லின் மேல் ஒரு குரங்கு, குட்டியோடு. வெள்ளம் அதன் வாலைத் தொட்டது.

“ஏத்திக்கலாம்” என்றாள் அக்கா.

“நேரம் இல்லக்கா! இருநூறு பேரு காத்திருக்காங்க.”

“அவங்களுக்குப் பசிக்கும், அவ்வளவுதான். இதுங்க ரெண்டும் முங்கிடும்டா!”

ஏற்றினோம். இடமில்லாததால் என் தலையில் உட்கார்ந்தது.

அடுத்த இடுக்கில் அண்டா சிக்கிக்கொண்டது. நெம்பினேன். அசையவில்லை. என் கையில் பலமே இல்லை. குரங்கு எங்களை ஒரு பார்வை பார்த்தது. ஒரு கையால் மேலே இருந்த கிளையைப் பிடித்தது. மறு கையால் என் தலைமுடியைப் பிடித்து இழுத்தது. நான் அண்டாவை விடவில்லை. மூன்றும் வெளியே வந்தோம்: அண்டா, நான், என் முடி. அந்த இடத்தில் இன்றுவரை முடி முளைக்கவில்லை.

அசருக்குப் பாங்கு சொல்லும்போது பள்ளிவாசலுக்குப் பின்னால் கரையேறினோம். அத்தா அண்டாவைத் தடவிப் பார்த்தார்.

“ஒரு சொட்டு ஈரம் இல்லையே?”

“வெயிலு, அத்தா.”

“உன் சட்டை?”

“அதே வெயிலு.”

அத்தா அடுப்பை மூட்டினார். அன்று கஞ்சி அடிபிடிக்கவே இல்லை. இருநூறு பேருக்கும் போதுமாக இருந்தது. முதல் கோப்பை அக்காவுக்கு, இரண்டாவது எனக்கு, மூன்றாவது குரங்குக்கு.

அந்த வருடம் நோன்புக்கு முன் இரண்டு மாதமாக மழையே இல்லை; அண்டாவை வறண்ட ஓடை வழியே உருட்டிக்கொண்டுதான் வந்தோம்.