பிடரி மச்சம்

முடியைப் பிடித்திருந்த கை சில்லென்று இருந்தது. பிரமிளா முதலில் கவனித்தது அதைத்தான்.

சூலியா தெருவை ஒட்டிய சந்தில் இருக்கும் டாக்டர் அப்துல் அஜீஸின் கிளினிக்கில் அவள் குப்புறப் படுத்து, மடித்த கைகளின்மேல் நெற்றியை வைத்திருந்தாள். மேலே போர்த்திய பச்சைத் துணியில் பிடரிக்கு நேராக மட்டும் ஓர் ஓட்டை. வெளியே மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருக்க, டெட்டால் வாடையோடு பக்கத்துச் சாப்பாட்டுக் கடையின் நாசி கண்டார் சோற்றுக் குழம்பு வாடையும் கலந்து வந்தது. ஊசியைக் கண்டாலே ஊரைக் கூட்டுகிறவள் இன்று வாயைத் திறக்காமல் கிடந்தாள். பிறந்த குழந்தையாக இருந்தபோதிலிருந்து பார்க்கிற டாக்டர் அவர். அவர் கை பட்டாலே பாதிக் காய்ச்சல் இறங்கிவிடும் என்பார்கள் அவள் வீட்டில்.

"சின்ன வேலை லா. ஆபத்தான மச்சம் இல்ல, ஆனா உரசி உரசிப் புண்ணாகுது. எடுத்துட்டா நிம்மதி" என்றார் அவர்.

உரசியது யார்? ஒரு வயது நிறையாத சாந்தினிதான். தோளில் போட்டால் போதும், அம்மாவின் மச்சத்தைக் கிள்ளி ரத்தம் பார்த்துவிட்டுத்தான் ஓய்வாள்.

ஊசி இறங்கியதும் பிடரி மரக்கட்டை ஆகிவிட்டது. கத்தி பட்டதுகூடத் தெரியவில்லை. தலைமுடியை ஒரு கொத்தாகச் சேர்த்து மேலே தூக்கிப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் நன்றாகத் தெரிந்தன. டாக்டருக்கு ஒத்தாசையாக இருக்கும் நூர்ஜான் அக்கா என்று நினைத்தாள். பாவம், ஏசியில் கை விறைத்துவிட்டது என்று பரிதாபம் வேறு.

மச்சம் மருந்துக் குப்பிக்குள் 'டக்' என்று விழுந்தது. ஏனோ அந்த நேரம் பார்த்து அம்மாவின் நினைவு வந்தது. பிரமிளாவுக்கு முன்னால் பிறந்த இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. 'அதுங்களுக்கு நான் வச்ச திருஷ்டிப் பொட்டெல்லாம் அழிஞ்சு போச்சு. உனக்கு ஆண்டவனே அழியாத பொட்டா வச்சு அனுப்பிட்டான்' என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

"முடிஞ்சிருச்சு" என்றார் டாக்டர், துணியை எடுத்தபடி. "முடியை நல்லா இறுக்கிக் கட்டிட்டு வந்திருக்கம்மா. ஒரு இழைகூடக் குறுக்க விழல."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, முடி மொத்தமும் பொத்தென்று அவள் முகத்தில் விழுந்தது. முடி கட்டும் ரப்பர் அவள் மணிக்கட்டில் இருந்தது.

வாசலில் நூர்ஜான் அக்கா உள்ளே ஏறிய மழைத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"நல்லாப் பிடிச்சீங்கக்கா. கைதான் ஐஸு."

"என் கையா? நான் உள்ள வரவே இல்லியே பிள்ள. அப்ப இருந்து இந்தத் தண்ணியோடதான் மல்லுக்கட்டுறேன்."

பிரமிளா திரும்பிப் பார்த்தாள். உள்ளே டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார். அவரைத் தவிர அங்கே ஒருவரும் இல்லை. என்னவென்று கேட்பது? கேட்டால் சிரிப்பார்கள் என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

ஜெலுத்தோங்கில் இருக்கும் தன் பிளாட்டுக்கு வந்து, பக்கத்து வீட்டுப் புஷ்பவள்ளி அக்காவிடமிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு உள்ளே போனபோது மழை விட்டு வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. சாந்தினிக்கு இன்னும் மொட்டை போடவில்லை. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோயிலில் போடுவதாக வேண்டுதல். பிறவி முடி சுருண்டு கழுத்து வரை புரண்டது.

மருந்து வேகம் சீக்கிரம் விட்டுவிடும் என்றிருந்தார் டாக்டர். விடவில்லை. பிளாஸ்டரைச் சுற்றித் தடவினால் யாருடைய கழுத்தையோ தொடுவதுபோல இருந்தது. ஆனால் அந்தச் செத்த இடத்திலேயே ஏதோ ஒன்று தெரிந்தது. விட்டு விட்டு. ஈரமாக. யாரோ மிகக் கிட்டத்தில் குனிந்து மூச்சு விடுவதுபோல.

மின்விசிறியை நிறுத்தினாள். மூச்சு நிற்கவில்லை.

பிறகு அவள் முடி எழுந்தது. மெதுவாக, ஒரு கொத்தாக, கிளினிக்கில் போலவே. திரும்பத் தைரியம் வராமல், கைபேசியைத் தடவி எடுத்துக் கணவனை அழைத்தாள்.

"என்னாங்க, யாரோ என் முடியைப் பிடிச்சிருக்காங்க."

கடலுக்கு அந்தப் பக்கம் பிறை ஊர் பாக்டரியில் வேலை முடித்துக் கிளம்பிக்கொண்டிருந்த லோகேஸ்வரன் சிரித்தான். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். மருந்து மயக்கம் லா அது. பாலத்துல ஜாம். வந்துடுறேன், கொஞ்சம் படு."

அவன் வைத்ததும் முடி விழுந்தது. பிடரியில் மூச்சும் இல்லை. அப்பாடா! அவளுக்கே சிரிப்பு வந்தது.

தரையில் உட்கார்ந்திருந்த சாந்தினியும் சிரித்தாள்.

அம்மாவைப் பார்த்து இல்லை. அம்மாவின் தோளுக்குப் பின்னால் பார்த்து. அந்தக் கண்கள் மெல்ல நகர்ந்தன. தோள். பக்கவாட்டு. முன்னால். பிறகு குழந்தை அண்ணாந்து, தனக்கு நேர் மேலே பார்த்துச் சிரித்தது.

"வேணாம்" என்றாள் பிரமிளா. "ஐயோ, எம்பிள்ள வேணாம்."

பிள்ளையை வாரி எடுத்து அறைக்குள் ஓடினாள். மைச் சிமிழைத் திறந்தாள். பிள்ளையின் கன்னத்தில் பெரிதாக ஒரு பொட்டு வைத்தாள்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது அழிந்தது. கன்னத்திலிருந்து காது வரை ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு மை இழுபட்டது. யாரும் தொடவில்லை.

மறுபடி வைத்தாள். மறுபடி அழிந்தது.

வைத்தாள்.

அழிந்தது.

பிள்ளையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு நிமிர்ந்தாள். எதிரே பீரோக் கண்ணாடி. அதில் அவளும், அவள்மேல் சாய்ந்திருந்த பிள்ளையின் முதுகும். வேறு யாரும் இல்லை.

கழுத்தில் புரண்ட பிறவி முடி ஒன்றாகத் திரண்டது. கொத்தாக மேலே எழுந்து, அப்படியே நின்றது. கீழே, மாசு மரு இல்லாத சின்னஞ்சிறு பிடரி.

சாந்தினி சிரிப்பை நிறுத்தினாள். ஏதோ சில்லென்று பட்டதுபோலத் தோளைக் குறுக்கிக்கொண்டாள்.