சிட்டு இன்னும் போகலை

பொங்கல் கழிந்து மூன்றாவது வாரம். திங்கட்கிழமை மூன்றரை மணிக்கு ஸ்ரீரஞ்சனி பஸ்ஸை விட்டு இறங்கி, மயிலாப்பூர்க் குளத்துக்குத் தெற்கே அந்தப் பழைய வீட்டுக்குள் நுழைந்தாள். வாசலில் காவல்காரர் அப்துல் வஹீத் பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா, மூஞ்சி வாடிக் கீது."

"தலைவலி பாய்."

தலைவலியும் இல்லை, ஒன்றும் இல்லை. செய்த காரியம்தான் முகத்தில் தெரிந்தது.

பின்கட்டு அறையில் அவளுக்கு வேலை. ஏசி போடுகிறேன் பேர்வழி என்று ஜன்னலையெல்லாம் பலகை வைத்து அடைத்துவிட்டார்கள். உள்ளே போனால் பகலா ராத்திரியா என்று தெரியாது. ஒரு கம்ப்யூட்டர், ஒரு நாற்காலி, மேலே ஒரு டியூப் லைட்.

நகரத்தில் பன்னிரண்டு பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர்களை டெலிபோன் கம்பி வழியாக இந்த வீட்டோடு கோத்திருந்தார்கள். சாயங்காலம் நாலிலிருந்து ஐந்து வரை பிள்ளைகள் கணக்கு, விடுகதை, அரட்டை என்று ஒருத்தருக்கொருத்தர் எழுதிக்கொள்ளும். முகம் தெரியாத எவனாவது புகுந்து பிள்ளையிடம் விலாசத்தைக் கறந்துவிடக் கூடாதே, அதற்குத்தான் ஸ்ரீரஞ்சனி காவல். பிள்ளைகளுக்குச் சொந்தப் பேர் கிடையாது. மைனா, கிளி, சிட்டு என்று பறவைப் பேர். தெரு, பள்ளிக்கூடம் எதை எழுதினாலும் கம்ப்யூட்டரே நட்சத்திரக் குறி போட்டு மறைத்துவிடும். எந்தப் பறவை எந்தப் பள்ளி என்று காவலுக்கு இருப்பவளுக்கே தெரியாது. அந்தப் பட்டியல் முதலாளி ஸ்ரீனிவாசராகவனின் பீரோவில் பூட்டியிருந்தது. கடைசிப் பிள்ளை போகாமல் காவல் எழுந்திருக்கக் கூடாது. அதுவும் அவர் போட்ட சட்டம்.

சட்டமெல்லாம் நல்ல சட்டம்தான். காவலுக்கு இருந்தவளுக்குத்தான் அவசரம்.

போகிக்கு முந்தின நாள், பள்ளிக்கூடங்களுக்கு ஐந்து நாள் லீவு விட்ட அன்று, மணி ஐந்து ஐந்துக்கு எல்லாப் பறவையும் போய்விட்டது. சிட்டு மட்டும் போகவில்லை.

"மிஸ், நான் * லேப்ல மாட்டிக்கிட்டேன். பூட்டிட்டுப் போய்ட்டாங்க."

பிள்ளைகள் தினம் ஒரு புளுகு விடும். லேபில் பாம்பு என்று போன வாரம்தான் ஒரு கிளி எழுதியிருந்தது. முதலாளி வீட்டுக்கு ஃபோன் போட்டு, அவர் வந்து பீரோவைத் திறக்க ஒரு மணி நேரமாவது ஆகும். அவளுக்கு ஆறேகாலுக்கு எழும்பூரில் ரயில். திருச்சியில் அக்கா வீட்டில் பொங்கல்.

"அங்கேயே இரு. இப்ப வருவாங்க" என்று அடித்தாள். பிறகு சிட்டுவைத் தன் கையாலேயே வெளியேற்றினாள். அதற்கென்று ஒரு பொத்தான் உண்டு. அமுக்கிவிட்டால் பிள்ளை அன்றைக்கு மறுபடி உள்ளே வர முடியாது. பட்டியல் காலியானதும் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

லீவு முடிந்து மந்தைவெளிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் லேபைத் திறந்தார்கள். மூன்றாம் வகுப்புத் தமிழ்நிலா கிடந்தாள், பக்கத்தில் நமுத்துப்போன பிஸ்கட் பொட்டலம். இளைப்பு நோய் உள்ள பிள்ளை. நாலு பக்கமும் அடைத்த அறை. ஃபோன் இருந்தது, டயலில் பூட்டுப் போட்டிருந்தது. சாவிக்காரர் ஊருக்குப் போயிருந்தார். பெற்றவள் தேவானை ஐந்து நாளும் அடையாற்றங்கரையில் புதர் புதராகத் தேடிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பிள்ளை எழுதிக் கேட்டது என்பது ஊரில் யாருக்கும் தெரியாது. அந்த வரியை ஸ்ரீரஞ்சனி அழித்துவிட்டாள்.

இந்தத் திங்கட்கிழமையும் ஐந்து மணி ஆனது. பறவைகள் ஒவ்வொன்றாகப் போயின. பட்டியல் காலி. பையை எடுத்தாள்.

திரையில் ஒரு பேர் வந்து நின்றது.

சிட்டு.

பிள்ளை செத்த பிறகு முதலாளியே தம் கையால் பட்டியலிலிருந்து நீக்கிய பேர் அது.

"மிஸ், வந்தாங்களா?"

ஏசிக் குளிரில் அவளுக்கு வேர்த்தது. பெட்டிக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. விசிறிச் சத்தம் இல்லை. நெஞ்சு கட்டின பிள்ளை மூச்சை இழுத்து இழுத்து விடுமே, அது. கூடவே நமுத்த பிஸ்கட் வாசம். குனிந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

திரை அணைந்தது.

சத்தம் அணையவில்லை.

எழுந்து ஓடிவிடலாம் என்று பார்த்தாள். முழங்காலுக்குக் கீழே கால் இருப்பதாகவே தெரியவில்லை. ஆறரைக்குப் பக்கத்து அறை ரத்னா, பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் எழுதுகிறவள், தலையை நீட்டினாள்.

"என்னடி, நாற்காலியையே கல்யாணம் பண்ணிக்கிட்டியா?"

"இன்னும் ஒரு குழந்தை போகலை."

"கம்ப்யூட்டரே அணைஞ்சு கிடக்கு."

"தெரியறது. நீ போ."

ரத்னா சிரித்துக்கொண்டே போய்விட்டாள். எட்டு மணிக்குச் சத்தம் தானாக நின்றது. கால் வந்தது. செவ்வாய்க்கிழமை அதே கூத்து, விட ஒன்பதாயிற்று.

புதன்கிழமை மத்தியானம் முதலாளி முன்னால் போய் நின்றாள்.

"சார், அந்த மந்தைவெளிக் குழந்தை விஷயமா ஒண்ணு சொல்லணும்."

ஸ்ரீனிவாசராகவன் தலை நிமிரவில்லை. "அதெல்லாம் முடிஞ்சுபோச்சு. நம்ம பக்கம் ஒரு தப்பும் இல்லேன்னு எழுதிக் குடுத்தாச்சு. கிளறாதே."

"எனக்கு வேற சீட் போடுங்கோ சார்."

"உன்னாட்டம் பொறுப்பா யாரு பார்த்துப்பா? நேத்திக்கு ஒம்பது மணி வரைக்கும் இருந்தியாமே. வஹீத் சொன்னான். போம்மா, நாலாகப் போறது."

போனாள். வேறு எங்கே போவது. ஐந்து மணிக்குச் சிட்டு வந்தது. ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள்.

"உனக்கு என்ன வேணும்?"

மூச்சிரைப்போடு திரையில் வரி வந்தது.

"அம்மாகிட்ட சொல்லுங்க மிஸ். அம்மா இன்னும் தேடறாங்க."

மறுநாள் லீவு போட்டுவிட்டு மந்தைவெளிக்குப் போனாள். வாயை அடைக்க அந்தப் பள்ளிக்கூடத்தார் தேவானைக்குப் பெருக்கும் வேலை போட்டுக் கொடுத்திருந்தார்கள். மணி அடித்துப் பிள்ளைகள் போய்விட்ட நேரம். மாடி வராண்டாவில் மஞ்சள் வெயிலில் அவள் மட்டும் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

ஸ்ரீரஞ்சனி தூணைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். ரயிலைச் சொன்னாள். பொத்தானைச் சொன்னாள். அழித்த வரியையும் சொன்னாள். தேவானை துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள்.

"தெரியும்மா."

"யாரு சொன்னா?"

"அவதான். டெய்லி இங்க பெருக்கறப்பல்லாம் சொல்லிக்கினுதான் கீறா. மிஸ் இருக்கச் சொன்னாங்க, அதான் கதவத் தட்டலமா, அப்டீன்றா."

ஸ்ரீரஞ்சனி தூணில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

"அழுவாத. நீ வருவேன்னு காத்துக்கினு கீறா. உள்ள போய் அவகிட்டயும் ஒரு வார்த்த சொல்லிட்டு வா."

இடுப்பிலிருந்து சாவியை எடுத்து லேபைத் திறந்துவிட்டாள். மாட்டேன் என்று சொல்லலாம். சொன்னால் நாளைக்கு ஐந்து மணி வரும், நாளை மறுநாளும் வரும். ஸ்ரீரஞ்சனி உள்ளே போனாள்.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது. சாவி திரும்பியது.

"தேவானைம்மா..."

"பயப்படாத. வெளியதான் குந்திக்கினு கீறேன். அவ வுடச் சொன்னா தொறக்கறேன்."

உள்ளே கும்மிருட்டு. உறை போட்ட கம்ப்யூட்டர்கள் தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்த ஆட்களைப் போல் வரிசையாக இருந்தன. காலுக்குக் கீழே கம்பளம் சத்தத்தையெல்லாம் தின்றது. நமுத்த பிஸ்கட் வாசம்.

மூச்சு.

இங்கே பெட்டிக்குள்ளிருந்து வரவில்லை. அவள் இடுப்புயரத்தில், பக்கத்தில்.

"கண்ணா" என்றாள். இருட்டில் கையை நீட்டித் துழாவினாள். மறுபடி சொன்னாள். "கண்ணா, அம்மாகிட்ட சொல்லிட்டேன். நான்தான் தப்புப் பண்ணினேன். ரயிலுக்கு நாழியாச்சுன்னு போயிட்டேன்."

துப்பட்டா நுனியை ஏதோ பிடித்தது. சின்னப் பிடி. ஈரமாக இருந்தது.

பிறகு விட்டுவிட்டது.

மூச்சுச் சத்தம் நின்றது. மூன்று நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கினாற்போல் இருந்தது. ஸ்ரீரஞ்சனி தடவித் தடவிக் கதவிடம் போய்த் தட்டினாள்.

"தொறங்கோ. விட்டுட்டா. சத்தம் நின்னுடுத்து."

கதவு திறக்கவில்லை. உள்ளங்கையால் அடித்தாள். அடி அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. கதவிலும் கம்பளம் ஒட்டியிருந்தது.

காதைக் கதவில் வைத்தாள்.

தேவானை தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள். அவளிடம் இல்லை.

"இன்னா கண்ணு. இவங்களத் தொறந்து வுட்டுடட்டுமா?"

கதவுக்கு அந்தப் பக்கம் அதே மூச்சு இழுத்து இழுத்துக் கேட்டது.

"வேணாமா? சரி. வா, வூட்டுக்குப் போலாம்."

மாடிப்படியில் தேவானையின் ரப்பர் செருப்புச் சத்தம் இறங்கியது. அதன் பக்கத்தில் இன்னொரு காலடி, சின்னதாக, ஒவ்வொரு படியிலும் மூச்சு வாங்க நின்று நின்று இறங்கியது.