நீக்கப்படுபவை

யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

ஷெரின் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கினாள். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலேயே ஆனையூர் முழுக்கக் கரண்டை நிறுத்திவிட்டார்கள், சாயங்காலம்தான் வரும். மழை இறங்கப்போகிற வானம் வேறு. புழுதிக்குப் பயந்து ஜன்னல்களை அடைத்த வீட்டுக்குள், மத்தியானமே விளக்கு வைக்கிற நேரம் மாதிரி இருட்டிக்கிடந்தது. ஃபேன் ஓடாத புழுக்கத்தில் சுவர்ச் சுண்ணாம்பின் ஈர வாசனை மேலே எழும்பிக்கொண்டிருந்தது. பக்கத்து அறையில் மகள் ஐரின் பொம்மைக்குச் சோறூட்டியபடி பாடிக்கொண்டிருந்தாள். வீட்டில் வேறு ஆள் கிடையாது.

பக்கத்து வீட்டுச் சத்தமாக இருக்கும். ஷெரின் மறுபடி குனிந்தாள். ஆனாலும் அந்தச் செருமல், பேச ஆரம்பிக்கும் முன் ஸ்டீபன் செருமுவதைப் போலவேதான் இருந்தது.

தவக்காலத்தில் ரிங் ரோட்டில் ஒரு லாரி அடித்து அவள் புருஷன் ஸ்டீபன் போய்ச் சேர்ந்துவிட்டான். அவன் மகளுக்கு நாளைக்குப் புது நன்மை, முதன்முதலாகக் கோயிலில் நற்கருணை அப்பம் வாங்குகிற நாள். வெள்ளை கவுன் பீரோக் கதவில் தொங்குகிறது. பிள்ளை முதன்முதலாக நன்மை வாங்கப் புறப்படுகிறபோது, அப்பா நெற்றியில் பெருவிரலால் சிலுவை வரைந்து அனுப்ப வேண்டும். அந்தக் குடும்பத்தில் அது மாறாத வழக்கம். "அப்பா சொன்னாத்தான் கோயிலுக்கு வருவேன்" என்று ஐரின் ஒரு வாரமாக ஒரே பிடிவாதம். சாமியார் பேசிப் பார்த்தார், சித்தப்பா பேசிப் பார்த்தார், அசைவேனா என்கிறாள். கடைசியில் ஷெரின், "சரி, அப்பாவையே சொல்ல வைக்கிறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டாள்.

அதற்குத்தான் இத்தனை பாடும். ஸ்டீபன் போனில் அனுப்பிய குரல் பதிவுகள் கொஞ்சம் இருந்தன. பால் வாங்கணுமா, வந்துக்கிட்டே இருக்கேன், அந்த மாதிரி. அவற்றைக் கொடுத்தால் அதே குரலில் எந்த வாக்கியத்தையும் பேசிக்காட்டும் மென்பொருள் ஒன்று கிடைத்தது. அவனுடைய பழைய லேப்டாப்பில், போன் நெட்டை இணைத்து அதை ஏற்றப் பார்த்தால் பாதியிலேயே நிற்கிறது. சிவப்பு எழுத்தில் எர்ரர். அதற்குத் துணையாக வேண்டிய, ஒலிக்கான ஒரு லைப்ரரி கணினிக்குள் இல்லையாம். அந்தப் பெயரை அடித்து நிறுவச் சொன்னாள். கணினி ஏதேதோ வரிகளைக் கொட்டிவிட்டு, தொடரட்டுமா என்று கேட்டது. ஆமாம் என்பதற்கான ஒய் விசையை அமுக்கினாள்.

அப்போதுதான் அந்தச் செருமல் கேட்டது.

லைப்ரரி ஏறிவிட்டது. மென்பொருளை மறுபடி ஓட்டினாள். இப்போது இன்னொன்று இல்லையாம்! எரிச்சல் தாங்காமல், ஸ்டீபனோடு வேலை பார்த்த ஜெயபாண்டிக்குப் போன் போட்டாள்.

"சொல்லுங்க மதினி, மாட்டுத்தாவணில பஸ்ஸுக்கு நிக்கிறேன். சத்தமாப் பேசுங்க."

"ஒண்ணப் போட்டா இன்னொண்ணு இல்லைங்குது ஜெயபாண்டி. இதுக்கு முடிவே கெடையாதா?"

"அது அப்படித்தான் மதினி. எம்புட்டு இல்லையோ அம்புட்டையும் கேட்டு வாங்காம விடாது. பேரு எர்ரர்லயே இருக்கும், அதையே போட்டுக் குடுங்க. ஆனா ஒய் அமுக்குறதுக்கு முன்னாடி வாசிச்சிருங்க. அண்ணே ஆபீஸ்ல இதுக்குத்தான் எங்களத் திட்டுவாரு. என்னத்தப் போடுதுன்னு பாக்காதீங்கடா, என்னத்த எடுக்குதுன்னு பாருங்கடான்னு."

"எடுக்குமா?"

"ஆமா மதினி. புதுசு உள்ள வரணும்னா சில நேரம் ஏற்கெனவே இருக்குறதத் தூக்கிரும். கடைசியில 'நீக்கப்படுபவை'ன்னு போட்டிருக்கும். பஸ் வந்திருச்சு, அப்புறமா கூப்பிடுறேன்."

வாசித்திருக்கலாம். ஆனால் திரையின் மூலையில் பேட்டரி பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. பழைய பேட்டரி, வேகமாகக் கரையும். அதோடு ஷெரினுக்கு எப்போதும் கால் தரையில் பாவாது. ஸ்டீபன் அவளை 'அவசரக்குடுக்கை' என்றுதான் கூப்பிடுவான். இரண்டாவது லைப்ரரியின் பெயரை அடித்தாள். வரிகள் ஓடி நின்றன. ஒய்.

ஹாலில் செருப்பு தேய்ந்தது.

ஸ்டீபனைப் போலவே இடது காலை லேசாக இழுத்து நடக்கிறவனின் ரப்பர் செருப்பு, சிமெண்டுத் தரையில் சர்ரக், சர்ரக் என்று வாசலிலிருந்து சாப்பாட்டு மேஜை வரை வந்து நின்றது. ஷெரின் எழுந்து போய்ப் பார்த்தாள். யாரும் இல்லை. தண்ணீர்க் குடத்தின் மேல் மூடி. சுவரில் ஸ்டீபன் படம், வாடின மாலை. மனசுக்குள் எழும்பியது என்ன? பயமா, ஏக்கமா? ஐயோ, அது ஏக்கமாகவே இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஐரினின் பாட்டு நின்றுபோயிருந்தது.

"என்னம்மா, பாட்டு அம்புட்டுத்தானா?"

"மறந்து போச்சும்மா" என்றாள் ஐரின். காலையிலிருந்து பாடிய ஒரே பாட்டு அது.

மூன்றாவது எர்ரர். மூன்றாவது பெயர். ஒய்.

நாற்காலிக்குப் பின்னால் யாரோ விரல்களை ஒவ்வொன்றாகச் சொடுக்கினார்கள். ஷேவிங் கிரீம் வாசனை வந்தது. அவன் போனபிறகு அந்த டியூபை அவளே கையால் தூக்கிப் போட்டிருந்தாள். திரும்பத் தைரியம் வரவில்லை. லேப்டாப்பை மூடிவிடலாம் என்றுதான் கை போனது. பாழும் மனசு விட்டால்தானே! இன்னும் கொஞ்சம் என்றது. இவ்வளவு தூரம் வந்துவிட்டான், இன்னும் கொஞ்சம்தான்.

ஐரின் அறையிலிருந்து ஓடிவந்தாள். பொம்மையைக் காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு, எப்போதும் போல் குதித்துக் குதித்து. அவள் வருவது ஷெரினுக்குக் கேட்கவே இல்லை. சட்டென்று பக்கத்தில் நின்றாள். ஷெரின் அவள் காலைப் பார்த்தாள். கொலுசு கிடந்தது. முத்தெல்லாம் இருந்தது. பிள்ளை காலை ஆட்டியபோது அதுவும் ஆடியது.

சத்தம் வரவில்லை.

"அம்மா, தூக்கம் தூக்கமா வருது."

குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் மெலிந்திருந்தது. காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்றிருந்தது.

"இன்னும் ஒண்ணே ஒண்ணுதாண்டா செல்லம். அப்பா பேசிருவாங்க. அம்மா முதுகுல சாஞ்சுக்க."

ஐரின் சாய்ந்தாள். கனமே இல்லை. திரையில் கடைசி எர்ரர். பெயரை அடித்தாள். வரிகள் கொட்டின. பேட்டரிக் குறி சிவப்பாகிவிட்டது. இணைத்திருந்த சார்ஜர், கரண்ட் இல்லாத சுவரில் சும்மா தொங்கியது. தொடரட்டுமா?

ஒய்.

எர்ரர் வரவில்லை. நிறுவி முடிந்தது என்று வந்தது. ஐரினை வெளியே அனுப்பும்போது ஸ்டீபன் வழக்கமாகச் சொல்லும் அந்த ஒரு வாக்கியத்தை அடித்து அனுப்பினாள்.

"ஆண்டவர் உங்கூடயே வரட்டும்மா. போய்ட்டு வா."

ஐயோ, அதே குரல்! கடைசி எழுத்தில் கொஞ்சம் கரகரப்பது வரைக்கும் அதே. ஷெரின் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "கேட்டியாம்மா? அப்பாதாம்மா! அப்பா குரலு!"

காதோரம் மூச்சுப் பட்டது.

அப்போதுதான் உறைத்தது. குரல் முன்னாலிருந்து வரவில்லை. முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

லேப்டாப் ஸ்பீக்கர் கரகரத்தது.

"அம்மா."

சின்னக் குரல்.

"அம்மா, நீங்க எங்க இருக்கீங்க?"

ஷெரின் திரும்பவில்லை. விரல் தானாகத் திரையை முந்தைய வரிகளுக்கு நகர்த்தியது. வாசிக்காமல் விட்ட வரிகள். முதல் லைப்ரரிக்குக் கீழே, நீக்கப்படுபவை: எதுவுமில்லை. இரண்டாவது. நீக்கப்படுபவை: ஐரின்-பாட்டு. மூன்றாவது. நீக்கப்படுபவை: ஐரின்-கொலுசு. கடைசி. நீக்கப்படுபவை:

ஐரின்.

அந்தப் பெயரை அடித்தாள். நிறுவு. அப்படி எதுவும் கிடைக்கவில்லை என்றது. மறுபடி அடித்தாள். கிடைக்கவில்லை. மறுபடி. கிடைக்கவில்லை.

"அம்மா, இங்க இருட்டா இருக்கும்மா. கரண்ட் எப்ப வரும்?"

"வந்துரும்டா. இந்தா வந்துரும்டா தங்கம்." திரையை மார்போடு அணைத்தாள். அது மங்கிக்கொண்டிருந்தது. வெளியே மழை பிடித்துவிட்டது. தெருவில் ஒரு விளக்கும் எரியவில்லை.

தோளைத் தொட்டு யாரோ அவளைத் திருப்பினார்கள்.

ஐரின் முகம்தான். எட்டு வயது முகம். உதட்டின் ஒரு ஓரம் மட்டும் மேலே ஏறிய சிரிப்பு, சுவரில் மாலைக்குள் இருக்கிற அதே சிரிப்பு. தொண்டையைச் செருமிக்கொண்டது.

"அவசரக்குடுக்கை" என்றது ஸ்டீபனின் குரல், ஆசையாக. "வாசிச்சுப் பாத்திருக்கலாம்ல?"

மார்போடு அணைத்த லேப்டாப்புக்குள் அந்தச் சின்னக் குரல் அம்மா, அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டே மெலிந்தது. சிவப்புக் குறி ஒருமுறை மினுங்கியது.

அந்தப் பிஞ்சுக் கை எழுந்தது. சில்லென்ற பெருவிரல் ஷெரினின் நெற்றியில் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்தது. பிறகு, அவசரமே இல்லாமல், குறுக்கே.