தப்பு என்று சொல்ல ஒருவர்

எழிலரசியின் திரையில் காலைச் செய்திகள் எல்லாமே அவளுக்குப் பிடித்தபடி இருந்தன. பக்கத்து வீட்டில் அதே செய்திகள் அந்த வீட்டாருக்குப் பிடித்தபடி இருந்திருக்கும். எவர் எழுதியதையும் வாசிப்பவர் மனத்துக்கேற்ப அந்தக் கணமே மாற்றித் தரும் ‘இசைவி’ வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. வலையில் சண்டையே இல்லை. இசைவியை அணைக்கப் பொத்தானும் இல்லை. யாரும் கேட்கவும் இல்லை.

அறுபத்திரண்டு வயதில் அவளுக்குச் சண்டைதான் வேண்டியிருந்தது.

2006-இல் புளூட்டோவைக் கோள் பட்டியலிலிருந்து நீக்கியபோது, திருச்சியில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, அது அநியாயம் என்று ஒரு வானியல் மன்றத்தில் எழுதினாள். ‘வால்நட்சத்திரம்’ என்ற பெயரில் ஒருவர் “தப்பு” என்று தொடங்கிப் பதினோரு பக்கம் எதிர்த்தார். அப்போது எல்லோர் திரையிலும் இருந்தது ஒரே எழுத்துதான். அவள் தோற்றதை எல்லோரும் பார்த்தார்கள். மறுநாள் அரை நாள் விடுப்பு போட்டுவிட்டுப் போய்ப் பதில் எழுதினாள்.

அந்த மன்றத்தை யாரோ மீட்டு மறுபடி வலையில் ஏற்றியிருந்தார்கள். அவ்வளவு பழைய இடத்துக்குள் இசைவி வராது என்று நம்பி, “புளூட்டோ இப்போதும் கோள்தான். யாராவது இருக்கிறீர்களா?” என்று எழுதினாள்.

இரண்டு நாளில் பதில் வந்தது. “தப்பு.”

வால்நட்சத்திரமேதான். மூன்று வாரம் சண்டை ஓடியது. அவள் மறுபடி நன்றாகச் சாப்பிட்டாள். கடைசியில், மதுரையில் ஒரு காபிக்கடையில் சந்திப்பதாக முடிவாயிற்று.

அவர் பெயர் செல்லதுரை. தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

“சார், புளூட்டோவுக்கு அஞ்சு நிலா இருக்கு. அதைப் போயி...”

“நீங்க சொல்லுததுதான் சரி மேடம். நானும் மூணு வாரமா அதத்தான எழுதுதேன்?”

“எது? என் வாதத்துக்குப் பல்லே இல்லைன்னு நேத்துதானே திட்டுனீங்க!”

“நானா? ஐயையோ! நீங்கதான் ‘அண்ணாச்சி, உங்ககூடப் பேசினா மனசுக்கு ஆறுதலா இருக்கு’ன்னு எழுதியிருந்தீங்க.”

“எங்க ஊர்ல அண்ணாச்சின்னா மளிகைக் கடைக்காரர். நான் உங்களை மரமண்டைன்னு எழுதினேன்.”

இரண்டு கைபேசிகளையும் மேசைமேல் அருகருகே வைத்தார்கள். அதே மன்றம், அதே தேதி, அதே நிமிடம். ஒரு வாக்கியம்கூட ஒத்துப்போகவில்லை. இசைவி மன்றத்துக்குள் வரவேண்டிய தேவையே இருக்கவில்லை. அது அவரவர் பார்க்கிற திரையிலேயே இருந்தது.

“வீட்டுல அவ போனதுக்கப்புறம் சண்டை போடத் தெம்பில்ல மேடம்,” என்றார் செல்லதுரை மெல்ல. “அது இந்த இசைவிக்குத் தெரிஞ்சிருக்கு.”

காபி ஆறிப்போயிருந்தது. எழுந்திருக்கும்போது எழிலரசி சொன்னாள்: “பஸ் ஏறினதும் ‘சரி’ன்னு ஒரே ஒரு வார்த்தை எழுதுங்க. என்னவா வருதுன்னு பாப்போம்.”

“எழுதுதேன். நீங்களும் என்னைய ஒரு தடவை நல்லாத் திட்டி எழுதுங்க.”

திருச்சிப் பேருந்து மேலூர் தாண்டியதும் அவள் கைபேசி அதிர்ந்தது.

“தப்பு.”

அவர் ‘சரி’ என்றுதான் எழுதியிருப்பார். அது அவளுக்குத் தெரியும். ஆனாலும் முதுகு தானாக நிமிர்ந்தது, விரல்கள் பரபரத்தன. “எதுய்யா தப்பு, மரமண்டை?” என்று எழுதினாள்.

தூத்துக்குடிப் பேருந்தில் அது எவ்வளவு அன்பாகப் போய்ச் சேரும் என்று ஒரு கணம் யோசித்தாள்.

அனுப்பினாள்.