சொடக்கு

மாலை ஆறு பத்துக்கு மேஜர் உட்கார்ந்தது.

சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த லவினா, கூடத்துத் தரையில் நகங்கள் உரசி நிற்பதையும், அதைத் தொடர்ந்து கனத்த உடம்பு ஒன்று தரையில் அமர்வதையும் கேட்டு, கையில் கத்தியோடு எட்டிப் பார்த்தாள். ஐம்பது கிலோ ராட்வைலர், முதுகு நிமிர்ந்து, மார்பு முன்தள்ளி, படுக்கையறை வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. வாசலில் யாரும் இல்லை. திரைச்சீலை அசையவில்லை. நாயின் கண்கள் திரையையும் பார்க்கவில்லை. உயரமான ஓர் ஆளின் முகம் இருக்கக்கூடிய இடத்தில் நிலைத்திருந்தன.

"நிக்கோல், நீ உக்காரச் சொன்னியா?"

ஆறு வயது மகள் வீட்டுப்பாட நோட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். "நான் சொன்னா அவன் என்னிக்கு மம்மி கேட்டிருக்கான்?"

நிஜம்தான். மேஜர் இந்த ஆஸ்டின் டவுன் வீட்டுக்கு வந்து பதினொரு நாள் ஆகியிருந்தது. யார் சொல்லியும் அது ஒருமுறைகூட உட்கார்ந்ததில்லை.

அது ஆம்ப்ரோஸ் மாஸ்டரின் நாய். ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பத்திரண்டு வருடம் டிரில் மாஸ்டராக இருந்துவிட்டு, பொம்மனஹள்ளியில் நாயோடு தனியாக இருந்தவர். ஆகஸ்டில் இறந்துபோனார். மகள் பிரிஸில்லா, லவினாவோடு மாதா கோயில் பாட்டுக்குழுவில் பாடுபவள், நாய்க்கு ஒரு வீடு தேடிக்கொண்டிருந்தாள். சின்ன வயதிலிருந்தே நாய் ஆசை உள்ள லவினாவின் கணவன் லாயிட் உடனே சரி என்றான்.

"நாம ஒரு பூனை கூட வளத்ததில்ல லாயிட். வீட்ல சின்னப் பொண்ணு இருக்கு. எடுத்த எடுப்புல ராட்வைலரா?"

"நாய் வளக்க லைசென்ஸா வேணும்?"

"வேணும். கார்ப்பரேஷன்ல கேட்டுப் பாரு."

லாயிட் சிரித்தான். அந்த ஞாயிற்றுக்கிழமையே போய்க் கூட்டிவந்தார்கள். பிரிஸில்லாவின் கேட்டருகே நின்று, நாயைக் கூப்பிட லாயிட் விரலைச் சொடுக்கினான். மேஜர் திரும்பவில்லை. பிரிஸில்லா திரும்பினாள். நாற்பது வயதுப் பெண், குதிகால்கள் ஒட்ட, கைகள் பக்கவாட்டில் விறைக்க, நிமிர்ந்து நின்றாள். ஒரு நொடிதான். பிறகு துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு சிரித்தாள்.

"அப்பா சத்தமே போட மாட்டாரு," என்றாள். "சொடக்கு மட்டும்தான்."

லாயிட் அதைக் கவனிக்கவில்லை. லவினா கவனித்தாள்.

நாயைப் பழக்குவதற்கு வந்த கன்னடக்காரன் மஞ்சுநாத் முதல் நாளே சொல்லிவிட்டான். "அக்கா, தப்பா நெனைக்காதீங்க. மொத மொத நாய் வளக்கறவங்களுக்கு இது ஆகாது. அதுலயும் மனேல மகு இருக்கு, வீட்ல கொழந்த. இவனுக்கு ஒரு யஜமான் வேணும். நீங்க ஆகலேன்னா அவனே தேடிப்பான்."

எட்டாம் நாள் நிக்கோலின் கையிலிருந்து ஒரு துண்டு ரொட்டி கீழே விழுந்தது. அவள் குனிந்தாள். மேஜர் குரைக்கவில்லை. கடிக்கவுமில்லை. தொண்டைக்குள் உறுமிக்கொண்டே அவளைச் சுவரோரம் ஒதுக்கி, லவினா வரும்வரை அங்கேயே நிறுத்தி வைத்திருந்தது. குழந்தையின் கவுன் நனைந்துபோயிருந்தது.

"மாசக் கடைசிக்குள்ள இது இங்க இருக்கக் கூடாது," என்றாள் லவினா.

"அதுவரைக்கும் டைம் குடு," என்றான் லாயிட். அவனுக்கு பீன்யா ஃபேக்டரியில் இரண்டாவது ஷிப்ட். வீடு திரும்பப் பதினொன்று ஆகிவிடும். மாலை நேரங்களில் நாயோடு இருக்கவேண்டியவள் லவினாதான்.

நவம்பர் மாதம். மரித்தவர்களுக்காக ஜெபிக்கும் மாதம். மேஜர் வந்த பத்தாம் நாள் மாலை, ஜெபமாலை முடிந்ததும் லவினா பெயர்களை வாசித்தாள். மாமனார் ஹெர்பர்ட். நோரா அத்தை. மேஜர் மறுபடியும் நிக்கோலின் செருப்பைக் கவ்விக்கொண்டு மேசையடியில் உறுமிக்கொண்டிருந்தது. லவினாவுக்கு எரிச்சல் வந்தது. பட்டியலில் இல்லாத ஒரு பெயரைச் சேர்த்தாள்.

"ஆம்ப்ரோஸ் மாஸ்டர். உங்க நாய் யார் பேச்சையும் கேக்கல. நீங்களே வந்து அடக்குங்க."

"ஆமென்," என்று நிக்கோல் உரக்கச் சொன்னாள்.

மறுநாள்தான் ஆறு பத்துக்கு மேஜர் உட்கார்ந்தது.

அதன்பிறகு அது அடங்கிப்போனது. உறுமல் இல்லை, செருப்பைக் கவ்வுவது இல்லை. "பாத்தியா?" என்றான் லாயிட். அவன் பார்க்காததை அவள் தினமும் பார்த்துக்கொண்டிருந்தாள். மாலை மங்கி, எதிர்வீட்டு மாடியில் விளக்கு எரியத் தொடங்கி, தெருவில் ஆட்டோக்களின் இரைச்சல் கூடுகிற அந்த நேரத்தில், மேஜர் எழுந்து, யாரோ ஒருவருடைய இடது காலை ஒட்டி நடப்பதுபோலத் தலையைச் சற்றே உயர்த்திக்கொண்டு, கூடத்தின் நான்கு மூலைகளையும் கோணம் பிசகாமல் திரும்பித் திரும்பிச் சுற்றி வந்தது. சுவருக்கும் அதற்கும் நடுவே எப்போதும் ஓர் ஆள் நடக்கும் அளவு இடம் இருந்தது. அது கடந்துபோகும்போது ஷூ பாலிஷ் வாசனை அடித்தது. அந்த வீட்டில் பாலிஷ் போடும் ஷூ யாரிடமும் இல்லை. லாயிட்டின் ஃபேக்டரி பூட்ஸ் ஃபேக்டரியிலேயே இருந்தது.

நிக்கோலும் மாறினாள். அவள் வாய் ஓயாத பிள்ளை. இப்போது கேட்டால்தான் பேசினாள். புத்தகங்களை விளிம்பு பார்த்து அடுக்கினாள். சொல்லாமலே கை கழுவினாள். முதல் இரண்டு நாள் லவினாவுக்கு அது நிம்மதியாகக்கூட இருந்தது. பின்னால் அந்த நிம்மதியை நினைத்தபோது உடம்பு கூசியது.

மேஜர் அடங்கிய ஐந்தாம் நாள் சாயந்திரம் சப்பாத்தி போட்டாள். நிக்கோல் தொடவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூலையில் மேஜர் தன் கிண்ணத்தின் முன் உட்கார்ந்திருந்தது. வாயிலிருந்து எச்சில் நூலாக இறங்கித் தரையைத் தொட்டது. இரண்டு பேரும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சாப்பிடு பாப்பா. ஆறிடும்."

நிக்கோல் சுட்டுவிரலை உதட்டின்மேல் வைத்தாள். வகுப்பில் சத்தம் போடும் பிள்ளைகளை வாயில் விரல் வைத்து உட்காரச் சொல்வார்களே, அதுபோல.

சட்டென்று இருவரும் சாப்பிடத் தொடங்கினார்கள். ஒரே நொடியில்.

மறுநாள் மாலை மஞ்சுநாத் வந்தான். நாயைக் கூப்பிட்டான். அது வரவில்லை. ஆறு பத்துக்கு அது எழுந்து கூடத்தைச் சுற்றியது. மஞ்சுநாத் சுவரோடு ஒட்டி நின்று பார்த்தான். ஒரு சுற்று. இரண்டு சுற்று. மூன்றாவது சுற்றில், அவன் நின்ற இடத்துக்கு நேரே வந்ததும், எதற்கோ வழிவிடுவதுபோலத் தன்னையறியாமல் ஒதுங்கினான்.

"அக்கா, மனேல பெரியவங்க யாராவது இருக்காங்களா?"

"இல்லியே. நாங்க மூணு பேர்தான். ஏன்?"

அவன் வாரைச் சுருட்டிப் பைக்குள் வைத்தான். செருப்பை மாட்டிக்கொண்டான். "நான் இனிமே வரல. இவன் ஆல்ரெடி ஒருத்தர்கிட்ட இருக்கான்."

அன்றிரவு லாயிட்டிடம் சொன்னாள். "நாயைப் பாத்து நீ பயந்தே. நாய் அடங்கிடுச்சு. இப்ப அதுக்கும் பயந்தா எப்படி?" என்று சொல்லிவிட்டுப் படுத்தான்.

அடுத்த நாள் மாலை ஐந்தரைக்கு லவினா பிரிஸில்லாவுக்குப் போன் செய்தாள்.

"அக்கா, மேஜரைத் திரும்ப எடுத்துக்கணும்."

"கடிச்சிட்டானா?"

"இல்ல. நல்லா இருக்கான். ரொம்ப நல்லா இருக்கான். நிக்கோலும்." எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. "அவ சாப்பிடறதுக்கு முன்னாடி எதுக்கோ காத்திருக்கா அக்கா. வாய் மேல விரல் வெச்சுக்கறா."

மறுமுனையில் பிரிஸில்லா ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"லவினா. நீ அவரைக் கூப்பிட்டியா?"

"ஜெபத்துல... சும்மா பேரைச் சொன்னேன்."

"நாங்க யாரும் சொல்ல மாட்டோம்," என்றாள் பிரிஸில்லா. குரல் சின்னப் பிள்ளையின் குரலாகியிருந்தது. "ஜெபத்துல கூட சொல்ல மாட்டோம். பாப்பாவை எடுத்துக்கிட்டு வெளிய போ. இப்பவே போ. ஆறு மணிக்குள்ள."

"ஏன், ஆறு மணிக்கு..."

"ஆறு பத்துக்குத்தான் அப்பா ஸ்கூல்லேர்ந்து வருவாரு."

லவினா பையை எடுத்தாள். நிக்கோலுக்கு இரண்டு கவுன், பல் துலக்கும் பிரஷ், ஆதார் அட்டை. அம்மா வீடு கம்மனஹள்ளியில். போனில் ஆட்டோ போட்டாள். ஒருவர் ரத்து செய்தார். இன்னொருவரும். மூன்றாவது ஆட்டோ பன்னிரண்டு நிமிடம் என்றது. வெளியே மழை பிடித்துக்கொண்டது. குடையைத் தேடினாள். கட்டிலடியில் இருந்தது. எடுத்து நிமிர்ந்தபோது மணி ஆறு பத்து, ஷூ பாலிஷ் வாசனை.

கூடத்தில் பேச்சில்லை. டிவி அணைந்திருந்தது.

"நிக்கோல்?"

திரையை விலக்கினாள்.

கூடத்தின் நடுவில் மேஜர் உட்கார்ந்திருந்தது. முதுகு நிமிர்ந்து. அதன் பக்கத்தில், தோளோடு தோள் ஒட்டி, நிக்கோல். சம்மணம் போட்டு. விரல் உதட்டின்மேல்.

இருவரும் வாசலைப் பார்த்தார்கள்.

லவினாவை அல்ல. அவள் தலைக்குச் சற்று மேலே.

"எழுந்திரு பாப்பா. பாட்டி வீட்டுக்குப் போலாம். வா."

நிக்கோல் அசையவில்லை. கன்னத்தில் கண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. அதைத் துடைக்கவில்லை. விரலும் அசையவில்லை.

"நிக்கோல். மம்மி சொல்றேன்ல. வா."

கழுத்தின் பின்னால் லேசாகக் காற்றுப் பட்டது.

வெளியே ஆட்டோ ஹாரன்.

பிறகு, அவள் காதுக்கு மிக அருகில், உலர்ந்த இரண்டு விரல்களின் சத்தம். ஒரே ஒரு சொடக்கு.

மேஜர் படுத்தது.

லவினாவின் கையிலிருந்து குடை விழுந்தது. குதிகால்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. கைகள் பக்கவாட்டில் விறைத்தன. அவள் அதைச் செய்யவில்லை.

உதட்டின்மேல் இருந்த விரலை எடுக்காமலே நிக்கோல் பேசினாள்.

"மம்மி, உன்னையும்தான் உக்காரச் சொல்றாரு."